பெருஞ்சமரும் பழைய மாணவரும்: வாசகர் கேள்வி – பதில்

யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரிகளின் விழாக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: இலங்கையில் ‘கல்லூரி’ என்று பெயர் தாங்கி நிற்பவற்றுள் பெரும்பாலானவை பள்ளிக்கூடங்களே. க.பொ.த. உயர்தரம் வரை, அதாவது உங்கள் பிளஸ் டூ வரை, அங்கே படிப்பார்கள்.

கேள்வி: கனடாவில் பிறந்த என் மகன், பள்ளிப் பிள்ளைகளின் ஒரு கிரிக்கெட் போட்டியைப் பார்ப்பதற்காக ஏன் விமானம் ஏறி யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்று கேட்கிறான். வடக்கின் பெருஞ்சமரைப் பற்றி அவனுக்கு எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

1904ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சுண்டிக்குளி பரி. யோவான் (செயின்ட் ஜோன்ஸ்) கல்லூரியும் மோதும் இந்தப் போட்டி இன்று மார்ச் மாதத்தில், மூன்று நாள் ஆட்டமாக, மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. கொழும்பில் றோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879 முதல் ஆடிவரும் போட்டியைப் பார்த்தே இலங்கையின் மற்றப் பாடசாலைகளும் இத்தகைய வருடாந்தப் போட்டிகளை வைத்துக்கொண்டன. வடக்கிலேயே யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் 1917இல் தொடங்கிய ‘பொன் அணிகளின் போர்’ இன்னொன்று.

ஆனால் ஆண்டுக் கணக்கைச் சொன்னால் உங்கள் மகனுக்கு விளங்காது. அந்த மூன்று நாளும் மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக் கொட்டகையில் பாண்ட் வாத்தியம் முழங்கும்போது மறுபக்கத்தில் இன்னொரு பாண்ட் அதை அமுக்கப் பார்க்கும். தலையில் கொடியைக் கட்டிக்கொண்ட ஐம்பது வயது வங்கி முகாமையாளர், தன்னைவிட முப்பது வயது குறைந்த பையன்களோடு சேர்ந்து ஆடுவார். மூன்றாம் நாள் பின்னேரம் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தாலும் இரண்டு பக்கத்தாரும் தாங்களே வென்றதாக ஊர்வலம் போவார்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே சைக்கிளில் பத்து நிமிடத் தூரந்தான். அண்ணன் மத்தியிலும் தம்பி பரி. யோவானிலும் படித்த வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் மார்ச் மாதம் சற்று அமைதி குறைவாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரனோடுதானே நாம் பந்தயம் பிடிக்கிறோம்? தெரியாத ஊர்க்காரனைத் தோற்கடிப்பதில் யாருக்கு என்ன சுவை?

விமானம் ஏறுவதற்கான காரணம் வேறு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதி, போரால் 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு 2009 வரை அடைபட்டுக் கிடந்த நாட்களில், கொழும்பில் இருந்த பழைய மாணவர்கூடத் தரைவழியாக யாழ்ப்பாணம் போக முடியவில்லை. கொழும்பிலிருந்து வந்து, போரால் 1990இல் நின்றுபோன யாழ் தேவி புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது. ஆண்டுக்கணக்கில் போக முடியாமல் இருந்த ஓரிடத்துக்கு வழி திறந்ததும், நாட்காட்டியில் ஏற்கெனவே குறித்துவைத்திருந்த ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டுதான் பலர் ஊருக்குப் போனார்கள். கோயில் திருவிழாவைச் சாட்டிப் போனவர்களும் உண்டு, பெருஞ்சமரைச் சாட்டிப் போனவர்களும் உண்டு. போட்டி அவர்களுக்கு ஒரு சாட்டு. மகனுக்கு இதைச் சொன்னால் விளங்கிக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வடக்கில் மிகப் பழைய ஆண்கள் கல்லூரி எது? எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது.
– ஒரு வாசகர், கொழும்பு வெள்ளவத்தை

சண்டை நிற்காது. ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரியும் தன் வயதை எந்த இடத்திலிருந்து எண்ணுகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

வெஸ்லியன் மிசனரிமார் யாழ்ப்பாணப் பட்டினத்தில் நடத்திய ஆங்கிலப் பாடசாலையின் வழிவந்ததாக மத்திய கல்லூரி 1816ஐத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பளையில் தொடங்கிய பாடசாலையின் வழிவந்த யூனியன் கல்லூரியும் அதே 1816ஐச் சொல்கிறது. ஆனால் இன்று அது ஆண்கள் பாடசாலை அல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். மிசனைச் சேர்ந்த ஜோசப் நைற் நல்லூரில் 1823இல் தொடங்கிய பாடசாலையே பிறகு சுண்டிக்குளிக்கு இடம் மாறி, 1891இல் பரி. யோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது. அமெரிக்க மிசனரிமாரின் உயர்கல்வி நிலையமான வட்டுக்கோட்டைச் செமினறியும் அதே 1823இல் தொடங்கப்பட்டது. ஆனால் 1855இல் மூடப்பட்டுவிட்டது. பின்னர் 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இடையில் விழுந்த பதினேழு ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று கேட்டால் வட்டுக்கோட்டைக்காரர் கோபிப்பார்கள். அந்தச் செமினறியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகள் என்பதை நினைத்தால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி 1838ஐச் சொல்கிறது. புனித பத்திரிசியார் கல்லூரியின் கணக்கு 1850இல் தொடங்குகிறது.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி இந்த ஓட்டத்தில் சேருவதில்லை. சைவ பரிபாலன சபை பொறுப்பெடுத்த 1890ஐயே அது தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது. வயதில் இளையதாக இருந்தும் அதைப் பற்றிக் கவலைப்படாத கல்லூரி அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: ஆறுமுக நாவலர் கிறிஸ்தவப் பாடசாலையில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மத்திய கல்லூரிப் பழைய மாணவர்கள் நாவலரைத் தங்களவர் என்று கொண்டாடலாமா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

கொண்டாடுகிறார்கள். 1822இல் நல்லூரில் பிறந்த நாவலர், சிறுவனாக அந்த வெஸ்லியன் பாடசாலையில் சேர்ந்து ஆங்கிலம் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியராகி, அதிபராக இருந்த பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் வேலையில் துணை நின்றார். 1848இல் அந்தத் தொடர்பை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தாம் படித்த பள்ளிக்கு எதிராக இன்னொரு பள்ளி கட்டிய பழைய மாணவர் என்று அவரைச் சொல்லலாம். மிசன் பாடசாலையில் கண்ட வகுப்பு ஒழுங்கு, அச்சிட்ட பாடநூல், நேர அட்டவணை ஆகியவற்றைச் சைவப் பிள்ளைகளுக்கு அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாற்பதாண்டுக்குப் பிறகு அதே வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரி எழுந்தபோது அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகவே அது பார்க்கப்பட்டது.

பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் சுவர்களில் மாட்டும் படங்களில் பெரும்பாலும் நீதியரசர்களும் சத்திரசிகிச்சை நிபுணர்களும் அமைச்சர்களும் இருப்பார்கள். தன் பள்ளியோடு முரண்பட்டு வெளியேறிய ஒருவரும் அந்த வரிசையில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: பெருஞ்சமர்க் காலத்தில் பையன்கள் வகுப்பை விட்டு வெளியேறி, கொடிகளோடு கடை கடையாகப் போய்க் காசு சேர்க்கிறார்கள். என் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவன். மூன்று வாரமாகப் புத்தகம் திறக்கவில்லை. கேட்டால், “அப்பாவும் இப்படித்தானே செய்தவர்” என்கிறான். அப்பா பேசாமல் இருக்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வரியில்தான் சிக்கல் இருக்கிறது. அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம், அவர் அந்த நாட்களை இன்னும் சிரிப்போடு சொல்லித் திரிகிறார் என்பதே. பழைய மாணவர் கூடும் இடங்களில் மதிலேறிக் குதித்த கதையும், பெண்கள் பாடசாலை வாசலில் சைக்கிள் மணி அடித்த கதையும், அதிபரிடம் பிரம்படி வாங்கிய கதையுமே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரவு பதினொரு மணி வரை படித்த கதையை எவரும் சொல்வதில்லை. அதைக் கேட்டு வளரும் பையன், ஆண்பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கை என்றால் அந்தக் குறும்புக் கதைகள் மட்டுமே என்று நினைத்துக்கொள்கிறான். சுண்டிக்குளி மகளிர் கல்லூரி வாசலிலும் வேம்படி மகளிர் பாடசாலை வாசலிலும் நிற்கும் மாணவிகளுக்கு அந்தச் சைக்கிள் மணி எப்படிக் கேட்டது என்று எந்த ஒன்றுகூடலிலும் எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடைகளில் காசு சேர்ப்பதைப் பொறுத்தவரை, அதைக் கல்லூரி நிர்வாகத்திடம் நேரே சொல்லுங்கள். விளையாட்டு அணிக்கும் போட்டி ஏற்பாட்டுக்கும் வேண்டிய பணம் கல்லூரி வழியாகவும் சங்கங்கள் வழியாகவும் வருகிறது. சீருடையோடு கடைக்காரரின் முன் நின்று கேட்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. பையனைப் போட்டிக்குப் போகாதே என்று மறிக்காதீர்கள். மூன்று நாளும் போகட்டும். மூன்று நாளுக்கும் மூன்று வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுடைய அப்பா வாய் திறந்து சொல்லட்டும். நீங்கள் சொல்வதை அவன் காது கொடுத்துக் கேட்கமாட்டான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: கதைகளிலும் கட்டுரைகளிலும் ‘இல்ல விளையாட்டுப் போட்டி’ என்று வருகிறதே, அது வீட்டில் நடப்பதா?
– ஒரு வாசகி, மதுரை

இல்லை. ஆங்கிலேயப் பள்ளிகளின் வழக்கப்படி கல்லூரி மாணவர்கள் எல்லாரையும் நான்கைந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘இல்லம்’ என்று அழைப்பார்கள். கல்லூரியைத் தோற்றுவித்தவர்கள் அல்லது முற்கால அதிபர்களின் பெயரை அதற்கு வைப்பார்கள். யாழ் இந்துவில் நாகலிங்கம், சபாபதி, காசிப்பிள்ளை என்றெல்லாம் இல்லங்கள் உண்டு. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவர் வெவ்வேறு இல்லத்தவர்களாய் இருப்பர். ஆண்டின் முதல் தவணையில் பெரும்பாலும் நடக்கும் இந்தப் போட்டிக்காக மாணவர்கள் தென்னோலை, மூங்கில், வர்ணக் கடதாசி, சாக்கு எல்லாம் கொண்டு தத்தம் இல்லக் கொட்டகையைக் கோட்டை போலவும் கப்பல் போலவும் கட்டுவார்கள். ஓட்டத்துக்கும் பாய்தலுக்கும் புள்ளி இருப்பதுபோல இல்ல அலங்காரத்துக்கும் அணிநடைக்கும் புள்ளி உண்டு. ஓடத் தெரியாத பையனும் தன் இல்லத்துக்காக எதையாவது செய்ய அங்கே இடம் இருக்கிறது. நான் ஓடத் தெரியாதவன், ஆகவே பசை காய்ச்சும் வேலை எப்போதும் என்னுடையது. கோதுமை மாவைத் தகரப் பேணியில் விட்டு, கட்டி விழாமல் கிண்டி, துருசு (மயில்துத்தம்) கொஞ்சம் சேர்த்தால்தான் பூச்சி அரிக்காது.

கேள்வி: லண்டனில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கக் கிளை ஆண்டுதோறும் இரவு விருந்து நடத்துகிறது. நுழைவுச்சீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது. மண்டபத்துக்கும் இசைக்குழுவுக்கும் சாப்பாட்டுக்கும் போக, கல்லூரிக்கு அனுப்பும் தொகை சுருங்கிக்கொண்டே போகிறது. இதைக் கூட்டத்தில் கேட்டபோது, “ஒற்றுமைக்குத்தான் விருந்து” என்று சொல்லி என்னை இருத்திவிட்டார்கள். நான் கேட்டது பிழையா?
– ஒரு பழைய மாணவர், லண்டன்

பிழை இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதும் முற்றிலும் பொய் இல்லை. குளிர்காலத்தில், வேலை முடிந்து, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஒரே வகுப்பில் இருந்த பத்துப்பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைப்பதற்கு ஒரு மண்டபம் தேவைப்படுகிறது. அதற்குக் காசு கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது, அந்தச் செலவை ‘கல்லூரிக்கான நிதி சேகரிப்பு’ என்று துண்டுப்பிரசுரத்தில் போடுவதற்குத்தான். விருந்து விருந்தாக இருக்கட்டும். அதன் கணக்கு வேறு, கல்லூரியின் கணக்கு வேறு என்று இரண்டு ஏடுகள் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் கல்லூரிகளுக்கும் தேவை ஒன்று அல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்து, 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரி, ஹாட்லி, யாழ் இந்து போன்றவை அரச பாடசாலைகள் ஆயின; பரி. யோவான், புனித பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியவை திருச்சபைகளின் கையிலேயே தங்கின. அரச பாடசாலையில் ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பு. பழைய மாணவர் பணம் அங்கே கட்டடம், விளையாட்டு உபகரணம், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாடு, ஏழைப் பிள்ளைகளின் உதவித்தொகை என்று போகும். தனியார் கல்லூரியில் அன்றாடச் செலவுக்கே பணம் தேவைப்படும். ஆகவே, “கல்லூரிக்கு என்ன வேண்டும்” என்று முதலில் அங்கே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்காமல் அனுப்பியதன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியில், வெளிநாட்டுக் கிளை ஒன்று பெரும் செலவில் நாற்பது கணினிகளை அனுப்பியது. திறப்புவிழாவுக்கு நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நான் போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. திறப்பு (சாவி) எங்கே என்று தெரிந்தவர் அலுவலகத்தில் ஒரேயொருவர். அவர் அன்றைக்கு லீவு. மின்கட்டணம் கட்ட வழியில்லை என்று பிறகு சொன்னார்கள். கணினிக்குப் பணம் தரப் பலர் இருக்கிறார்கள். மின்கட்டணத்துக்குப் பணம் தந்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அரச பாடசாலைகளில் பெரும்பாலும் அதிபரே பழைய மாணவர் சங்கத்தின் தலைவராக இருப்பார். கிளைகள் எதைச் செய்வதானாலும் தாய்ச் சங்கத்தின் வழியாகவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அறிவோடும் செய்ய வேண்டும் என்பது அதனால்தான். நீங்கள் அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். இம்முறை வரவு செலவு அறிக்கையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: நான் பள்ளியில் மிகவும் சாதாரணமானவன். இப்போது ஊரிலேயே ஒரு சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வகுப்பின் இருபத்தைந்தாவது ஆண்டு ஒன்றுகூடலுக்கு டொக்டர்மாரும் பொறியியலாளர்மாரும் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அழைப்பு வந்திருக்கிறது. போக மனமில்லை. போகாமல் இருக்கவும் மனமில்லை.
– ஒரு வாசகர், சாவகச்சேரி

இந்தக் கடிதத்தை நான் நான்கு தடவை வாசித்தேன். பதில் எழுதுவதற்கு முன் என் வகுப்பு ஒன்றுகூடலை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பாசிரியர் அப்போது எண்பது வயதைத் தாண்டியவர். ஒருவர் எங்கிருந்தோ எங்கள் பழைய வகுப்பு இடாப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்; மட்டை கழன்று, ஓரம் கறையான் அரித்து, நீல மையில் எழுதிய பெயர்கள் மங்கிப்போய் இருந்தது. ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய குரலில் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். முதல் சில பெயர்களுக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டு “பிரசன்ற் சேர்” என்றோம். ஏழாவது பெயருக்கு எவரும் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “இல்லை சேர்” என்றான் பின்னால் இருந்த ஒருவன். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த பெயருக்குப் போனார். முப்பத்தாறு பெயரில் பதினொரு பெயருக்கு அன்று அப்படி நடந்தது. பிறகு யார் டொக்டர், யார் கடைக்காரர் என்று எவருக்கும் ஞாபகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் சாப்பிடாமல் இருந்தான்.

நீங்கள் படித்த காலத்தைக் கணக்குப் பார்த்தால், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் எழுந்து உங்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது நீங்களும் பையன்தான். உங்கள் ஊர்ப் பாடசாலைக் கட்டடங்களில், பின்னேர நேரங்களில், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் இரவல் வாங்கில்களில் வகுப்பு நடத்தியதை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்த நாட்களில் படிப்பு முறிந்தவர்கள் எத்தனை பேர்? யார் எந்த வேலைக்கு வந்தார்கள் என்பதை அந்த ஆண்டுகளில் பையன்களின் கெட்டித்தனம் மட்டும் தீர்மானிக்கவில்லை. இது உங்கள் வகுப்பு டொக்டர்மாருக்கும் தெரியும்.

போங்கள். விருந்து நடக்கும் ஹோட்டலுக்குப் போக மனமில்லை என்றால், அன்று காலையில் கல்லூரிக்குள் நடக்கும் வழிபாட்டுக்காவது போங்கள். ஒரு விஷயம் மட்டும்: ஒரே மாதிரிச் சேர்ட் தைப்பதற்கு வெளிநாட்டில் ஓடர் கொடுத்திருப்பார்கள். அடுத்த முறை அதை உங்கள் கடையில் தைக்கச் சொல்லுங்கள். நீளக் கை, குட்டைக் கை, இப்போதைய வயிற்றின் சுற்றளவு எல்லாம் நேரில் அளந்து தைக்க வேண்டிய சாமான் அது.

கேள்வி: என் கணவரின் வகுப்பு நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாளொன்றுக்கு இருநூறு செய்தி வருகிறது. அதில் ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா?
– ஒரு வாசகி, சிட்னி

காலை வணக்கப் பூப்படங்களைக் கழித்தால் பத்து மிஞ்சும். அந்தப் பத்தில் ஒன்று, ஊரில் ஒரு நண்பனுக்கு இருதய சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவை என்ற செய்தியாக இருக்கலாம். அந்தப் பணம் இரண்டு நாளில் சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மற்ற நூற்றுத் தொண்ணூற்றைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சத்தத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: 2023இல் பரி. யோவான் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. மத்திய கல்லூரி 2016இல் கொண்டாடியது. இத்தகைய பெருவிழாக்களில் இப்போது படிக்கும் மாணவர்களுக்கு இடம் எங்கே? நான் உயர்தர மாணவன். எங்களைக் கதிரை அடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.
– ஒரு மாணவர், யாழ்ப்பாணம் (கல்லூரியின் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

தம்பி, நீர் எந்தக் கல்லூரி என்று நான் ஊகிக்கவும் போவதில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் புள்ளிப் பலகையின் பக்கத்தில் இருந்தேன். பத்துப் பதினொரு வயதுப் பையன் ஒருவன், இலக்கம் எழுதிய தகரத் தகடுகளை ஒவ்வொன்றாய்த் தேடி எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டு நின்றான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் ஓடி வந்து, ஏழைக் கழற்றி எட்டை மாட்டி, திரும்பிப் போய் நிழலில் குந்துவான். வெயிலில் தகடு சுடும். சேர்ட்டின் நுனியால் பிடித்துக்கொள்வான். மத்தியானம் பழைய மாணவர் கூட்டமொன்று படம் எடுக்க வந்து, அவனை அப்பால் நிற்கச் சொன்னது. பத்து நிமிடம் படம் எடுத்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு விக்கெட் விழுந்தது, பதினாறு ஓட்டம் சேர்ந்தது, பலகையில் பழைய கணக்கே நின்றது. மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து சத்தம் போட்டார்கள், அந்தப் பையனைத்தான் ஏசினார்கள்.

நாங்கள், அதாவது படித்து வெளியேறியவர்கள், கல்லூரி எங்களுடையது என்று நினைக்கிறோம். பாசத்தால் வரும் நினைப்புத்தான். ஆனாலும் பிழையான நினைப்பு. எங்களுக்கு அங்கே இருப்பது விருந்தாளியின் உரிமை. வீடு உங்களுடையது. ஆகவே விழாக் குழுவில் மாணவ முதல்வர்களுக்கு இடம் தாருங்கள் என்று அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். மலரில் கட்டுரை எழுதும் பொறுப்பைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவரை ஒரு பாடவேளைக்கு வகுப்புக்குள் கூப்பிட்டு, அவர் பார்க்கும் தொழிலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லச் சொல்லுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவதைவிட அது அவருக்கும் பிடிக்கும். கதிரை அடுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்; யாராவது அடுக்கத்தானே வேண்டும். பழைய மாணவர் பத்துப் பேரையும் கூடச் சேர்த்துக்கொள்ளும். நான் வருகிறேன், முதுகு இடம் கொடுத்தால்.

கேள்வி: கடைசியாக, பெருஞ்சமரில் நீங்கள் எந்தப் பக்கம்?
– ஒரு வாசகர், வவுனியா

நான் இரண்டிலும் படிக்கவில்லை. ஆகவே காலையில் மத்தியின் பக்கம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பரி. யோவானின் பக்கம். கிழக்குப் பக்கத்துக் கொட்டகையில் மூன்று மணிக்குப் பிறகு வெயில் முகத்தில் அடிக்கும் என்பதும், எந்தப் பக்கத்தில் மீன் றோல்ஸ் சூடாக வருகிறது என்பதும் இந்தத் தீர்மானத்தில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.